லுக்கப்பில் ஒரு மதிப்பு மட்டும்தான் வருகிறதா?

டேட்டாவை இணைத்து மாற்றும் மென்பொருளான டேலண்டில் (Talend), டேபிள்களை இணைக்கும் டிமேப் (tMap) வைத்து லுக்கப் செய்கிறவர்கள், அதாவது இன்னொரு டேபிளில் பொருந்தும் விவரத்தைத் தேடி எடுக்கிறவர்கள், இதைக் கட்டாயம் பாருங்கள். எத்தனை பொருத்தங்களை எடுப்பது என்று சொல்லும் ‘மேட்ச் மாடல்’ செட்டிங் தானாகவே ‘யூனிக் மேட்ச்’ என்றுதான் இருக்கும், அதாவது ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று போன் நம்பர் இருந்தாலும் கடைசியாகப் பொருந்தியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சத்தமில்லாமல் விட்டுவிடும், எரர் எதுவும் வராது. லுக்கப் டேபிளின் மேலே உள்ள ஸ்பானர் ஐகானை அழுத்தி ‘ஆல் மேட்சஸ்’ என்று மாற்றுங்கள், மூன்றும் வரும். 

சரி, இங்கேதான் கவனம் வேண்டும்: 500 ரூபாய் ஆர்டர் ஒன்று இப்போது மூன்று வரிசையாகிவிடும், அப்படியே கூட்டினால் 1500 காட்டும். எனக்குப் பிடித்த வழி, லுக்கப்புக்கு முன்பே வரிசைகளைத் தொகுக்கும் டிஅக்ரிகேட்ரோவில் (tAggregateRow) வாடிக்கையாளர் ஐடி வாரியாக ‘லிஸ்ட்’ ஃபங்ஷன் போட்டு நம்பர்களைக் கமாவால் சேர்த்துவிடுவது; அப்புறம் யூனிக் மேட்சே போதும்.