அமெரிக்க அதிபர் வேட்பாளர் யார்? முன்கூட்டியே கணிப்பது எப்படி

அமெரிக்க அரசியல் சாசனத்தின் 22-வது திருத்தப்படி டொனால்ட் டிரம்ப் மூன்றாம் முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. அதனால் 2028-ல் இரண்டு கட்சிகளிலுமே வேட்பாளர் இடம் காலி. யார் வருவார் என்று ஊகிக்க உட்காருபவர்கள் முதலில் தேடுவது தேசிய அளவிலான கருத்துக்கணிப்பைத்தான். சறுக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 2007-ல் பெரும்பாலான மாதங்கள் குடியரசுக் கட்சிக் கணிப்புகளில் முன்னணியில் இருந்தவர் ரூடி ஜூலியானி. 2008 ஜனவரி முடிவதற்குள், ஒரு மாநிலத்தைக்கூட வெல்லாமல் விலகினார். அதே தேர்தலில் ஜனநாயகக் கட்சியில் முன்னணியில் இருந்த ஹிலாரி கிளிண்டனைத் தாண்டி பராக் ஒபாமா வேட்பாளரானார்.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு நாடு முழுக்க ஒரே நாளில் நடப்பதில்லை என்பதுதான் காரணம். சிறிய மாநிலங்கள் சில முதலில் வருகின்றன. அங்கே அடிவாங்கியவருக்கு நன்கொடை வற்றுகிறது; பெரிய மாநிலங்கள் வருவதற்குள் அவர் களத்திலேயே இருப்பதில்லை. ஆகவே யாருக்கு ஆதரவு அதிகம் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த வரிசையில், எந்த விதிப்படி எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஓர் எக்செல் தாளைத் திறந்து மாநில வாரியாக அட்டவணை போடுங்கள். தேதி, பிரைமரியா (வாக்குச்சாவடியில் நடக்கும் ரகசிய வாக்குப்பதிவு) காக்கஸா (கட்சியினர் கூட்டம் கூடித் தேர்ந்தெடுப்பது), டெலிகேட்டுகள் எத்தனை (கட்சி மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகள்), அவர்களைப் பங்கிடும் விதி என்ன, கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் வாக்களிக்கலாமா, வேட்பாளர் பெயர் பதியக் கடைசி நாள் எது. இந்த ஆறு தகவலும் இல்லாமல் கணிப்பில் இறங்க வேண்டாம். பழைய அட்டவணையை அப்படியே எடுத்துப் போடுவதும் கூடாது. ஜனநாயகக் கட்சி 2020-ல் அயோவாவில் தொடங்கியது. 2024-ல் தென் கரோலினாவை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. தாளின் தலையில் வெற்றிக்குத் தேவையான எண்ணை எழுதுங்கள். 2024-ல் குடியரசுக் கட்சிக்கு மொத்தம் 2,429 டெலிகேட்டுகள், தேவைப்பட்டது 1,215.

பங்கிடும் விதியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் என்பது வாசல். அதைத் தாண்டாதவருக்கு டெலிகேட் கிடையாது. தாண்டியவர்கள் தங்களுக்குள் விகிதப்படி பிரித்துக்கொள்வார்கள். 2020 நியூ ஹாம்ப்ஷயரைப் பாருங்கள். பெர்னி சாண்டர்ஸ் 25.6 சதவீதம், பீட் புட்டிஜெஜ் 24.3, ஏமி குளோபுச்சர் 19.7. எலிசபெத் வாரனும் ஜோ பைடனும் பத்துக்கும் கீழே. டெலிகேட்டுகள் 9, 9, 6. வாரனுக்கும் பைடனுக்கும் பூஜ்யம். கால்வாசி வாக்கு வாங்கிய சாண்டர்ஸுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டெலிகேட் வந்தது. 14 சதவீதத்தில் நிற்கும் ஒருவர் 16-க்கு ஏறுவதும் 30-ல் இருப்பவர் 32-க்கு ஏறுவதும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பது இங்கே தெரியும்.

இதே பங்கீடு நாடாளுமன்றத் தொகுதி அளவிலும் தனியாக நடக்கிறது. 4 டெலிகேட் உள்ள தொகுதியில் இருவர் மோதி, ஒருவர் 60 சதவீதம் எடுத்தாலும் ஆளுக்கு 2தான். 3 கிடைக்க 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 5 உள்ள தொகுதியில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலே 3-2. ஒற்றைப்படைத் தொகுதிகளை அட்டவணையில் தனி நிறத்தில் குறித்துவையுங்கள். 2008-ல் நெவாடா காக்கஸில் ஆதரவு எண்ணிக்கையில் முந்தியவர் கிளிண்டன். டெலிகேட் கணக்கில் ஒபாமா 13, அவர் 12. தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவர்கள் இதைத் தவறவிட்டார்கள்.

குடியரசுக் கட்சியில் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2016 தென் கரோலினாவில் டிரம்ப் எடுத்தது 32.5 சதவீதம்; 50 டெலிகேட்டும் அவருக்கே போயின. 2024-ல் கலிஃபோர்னியாவில் பாதிக்கு மேல் எடுத்தால் 169-ம் ஒருவருக்கே என்று விதி இருந்தது. எதிரணி நான்கைந்து பேராகச் சிதறிக் கிடந்தால் இந்த விதிகள் முன்னணியில் இருப்பவரைத் தூக்கிவிடும். அதனால் இந்தக் கட்சியில் எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்பதே ஒரு முக்கியத் தகவல்.

அடுத்தது பணம். கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வேட்பாளர்களின் கணக்கு இலவசமாகக் கிடைக்கும். தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15, பிறகு ஜனவரி 31 எனக் காலாண்டு அறிக்கைகள் வரும். மொத்த வசூலைப் பார்த்து மயங்காதீர்கள். கையிருப்பு, கடன், வந்ததில் எவ்வளவு செலவானது, 200 டாலருக்குக் கீழே கொடுத்தவர்களின் பங்கு ஆகிய நான்கும்தான் பேசும். 2020-ல் ஒரு தனிநபர் பிரைமரிக்காக ஒரு வேட்பாளருக்கு அதிகபட்சம் 2,800 டாலர்தான் தரலாம். உச்சவரம்பைத் தொட்ட பணக்கார நன்கொடையாளரிடம் மறுபடி கேட்க முடியாது. 20 டாலர் தந்தவரிடம் மாதாமாதம் கேட்கலாம். கமலா ஹாரிஸ் 2019 ஜூன் விவாதத்துக்குப் பிறகு கருத்துக்கணிப்பில் எகிறினார். பணம் தீர்ந்து, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன் டிசம்பர் 3 அன்று விலகினார். சூப்பர் பேக் அமைப்புகளின் (வேட்பாளரின் பிரசாரக் குழுவுக்கு வெளியே தனியாக, வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவழிப்பவை) பணத்தை வேட்பாளரின் பணமாக எண்ணவும் கூடாது. 2016 தேர்தலில் குடியரசுக் கட்சியில் போட்டியிட்ட ஜெப் புஷ்ஷுக்காக அப்படி ஓர் அமைப்பு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது; அவருக்குக் கிடைத்தது 4 டெலிகேட்டுகள்.

பெயர் பதிவு சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் அமைப்பு பலத்தை அதைவிட நன்றாகக் காட்டுவது எதுவும் இல்லை. 2012-ல் வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சி பிரைமரி வாக்குச்சீட்டில் பெயர் வர 10,000 கையெழுத்து, அதில் ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தும் 400 தேவை. நியூட் கிங்ரிச்சும் ரிக் பெர்ரியும் அந்தத் தேவையை நிறைவேற்ற முடியாமல், வாக்குச்சீட்டில் மிட் ராம்னி, ரான் பால் இருவர் மட்டுமே மிஞ்சினார்கள்.

கருத்துக்கணிப்பை இதற்குப் பிறகு எடுங்கள், அதுவும் மாநில வாரியாக. 500 பேரிடம் எடுத்த கணிப்பில் பிழை வரம்பு ஏறக்குறைய 4.4 புள்ளி, அதில் 100 பேர் கொண்ட ஒரு பிரிவைத் தனியாகப் பிரித்தால் கிட்டத்தட்ட 10. இரண்டு புள்ளி முன்னணியை முன்னணி என்றே சொல்ல வேண்டாம். 'உங்கள் இரண்டாவது தேர்வு யார்?' என்ற கேள்விக்கான பதிலைக் கட்டாயம் பாருங்கள். ஒருவர் விலகும்போது வாக்கு அந்த வழியாகத்தான் நகரும். நமக்குத் தெரிந்த பெயர் என்பதற்காக மதிப்பெண் போடுவது தமிழ் வாசகர்களிடம் அடிக்கடி நேரும் பிழை. விவேக் ராமசாமியைப் பற்றி இங்கே நிறையப் பேசினோம். 2024 அயோவாவில் நான்காமிடம் வந்து அன்றிரவே விலகினார்.

ஆதரவு அறிவிப்புகளில் பெரும்பாலானவை சத்தம்தான். சரியான மாநிலத்தில், சரியான நாளில், வாக்காளர் நம்பும் ஒருவர் சொன்னால் மட்டும் கணக்கே மாறும். 2020-ல் பைடன் அயோவாவில் நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம். பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவில் அம்மாநில நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் அவரை ஆதரித்தார். ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர்களான அந்த மாநிலத்தில் 29-ம் தேதி பைடன் பெரிய வெற்றி பெற்றார். மார்ச் 1, 2 தேதிகளில் புட்டிஜெஜும் குளோபுச்சரும் விலக, 3-ம் தேதி, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் டியூஸ்டேயில், 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. முதல் இரண்டு மாநிலங்களில் பெரும்பாலும் வெள்ளையர்களே வாக்களித்தார்கள் என்பதைக் கவனித்தவர்கள் அவரைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்க மாட்டார்கள்.

இனி எண் போடலாம். எல்லாருக்குமான வாய்ப்பும் கூட்டினால் 100 வர வேண்டும்; 'மற்றவர்' என்று ஒரு வரிசை அவசியம். படிப்படியாகப் பெருக்குங்கள்: கடைசி இருவரில் ஒருவராக நிற்க 50 சதவீதம், நின்றால் வெல்ல 60 சதவீதம் என்றால் அவருக்கு 30. பதவியில் இருக்கும் அதிபரோ, நெடுங்காலம் பாதிக்கு மேல் ஆதரவு காட்டுபவரோ தவிர, முதல் நான்கு மாநிலங்கள் முடியும்வரை யாருக்கும் 60-ஐத் தாண்டிக் கொடுக்காதீர்கள். பந்தயச் சந்தை விலைகளோடு ஒப்பிடலாம், ஆனால் அங்கே கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும். மொத்தம் 120 என்றால் 30-க்கு விலைபோகும் வேட்பாளரின் உண்மை மதிப்பு 25. வாய்ப்பே இல்லாத பிரபலங்களுக்கு அங்கே எப்போதும் கொஞ்சம் அதிக விலை இருக்கும், அதைக் கழித்துவிடுங்கள். தேதியும் காரணமும் எழுதிவைத்து, புதுத் தகவல் வந்தால் மட்டும் மாற்றுங்கள். ஒரு விவாதத்தின் மறுநாள் வரும் ஒற்றைக் கணிப்பைப் புதுத் தகவலாக எடுக்க வேண்டாம், இரண்டு வாரம் பொறுங்கள்.

டெலிகேட் எண்ணிக்கை முடிந்த பிறகும் 'மற்றவர்' வரிசையை அழிக்காதீர்கள். 2024-ல் போதுமான டெலிகேட்டுகளை வென்றிருந்த பைடன் ஜூலை 21 அன்று விலகினார். ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழி வாக்கெடுப்பில் ஹாரிஸ் வேட்பாளரானார். மாநாட்டு வாக்கெடுப்பு முடியும்வரை அந்த வரிசையில் 2, 3 சதவீதமாவது இருக்கட்டும். வேட்பாளர் எண்பது வயதை நெருங்குபவர் என்றால் இன்னும் கூடுதலாக வையுங்கள்.