பழைய இரும்புக் குமுட்டியைச் சரிசெய்து மறுபடி பற்றவைப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாங்க வருகிறவர்களின் கண் தூணுக்கும் பீங்கான் சட்டிக்கும்தான் முதலில் போகும். கடையின் பின்பக்கம் துருவேறிக் கிடக்கும் வார்ப்பிரும்புக் குமுட்டியைக் கேட்பவர்கள் குறைவு. பால் காய்ச்சவும் அப்பளம் சுடவும் நாள் முழுக்கக் கனன்ற கரி அடுப்பு அது. கேட்க ஆளில்லாவிட்டால் காயலான் கடைக்குப் போய் உருகிவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேர்வு. துரு இருந்தால் பயப்பட வேண்டாம், விரிசலுக்குத்தான் பயப்பட வேண்டும். குமுட்டியைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, விரலை மடக்கி ஓரத்தில் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. சத்தம் அடைத்துக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. கால் சேரும் இடத்தையும் காற்றுவாயின் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு விரிசலை வெல்டிங் வைத்து ஒட்டுவது சாதாரணப் பட்டறை வேலை இல்லை; பக்கத்திலேயே புதிதாக விரிசல் விடும். கறுப்புப் பெயின்ட் பளபளக்கும் குமுட்டியை நான் வாங்க மாட்டேன். பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. உள்ளே இருக்கும் சல்லடைத் தட்டு உடைந்திருந்தால் பரவாயில்லை, அதை மட்டும் தனியாகச் செய்து போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் சாம்பல், மண் எல்லாவற்றையும் தட்டிவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதைச் சுட்டு எடுக்கவோ உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது. ஈரப்படுத்தி, முகக்கவசம் போட்டு, பிள்ளைகள் இல்லாத இடத்தில் சுரண்டுங்கள். இறுகிப்போன திருகாணிகளில் டீசல் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டால் இளகும்.

பிரஷ்ஷுக்கு மசியாத துருவுக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊறவையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அளவு மீறினால் புளிப்பு இரும்பையே தின்னும். துரு போனதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசுங்கள்.

இனிமேல்தான் அவசரப்பட வேண்டும். அலசிய இரும்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு படரும். அதனால் துணியால் ஒற்றி, உடனே வெயிலில் வையுங்கள். செட்டிநாட்டு வெயில் இதற்கென்றே வந்தது. தொட்டால் சுடும் அளவுக்குக் காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லப் பூசுங்கள். அப்புறம் வேறொரு துணியால், எண்ணெயே பூசவில்லை என்று தோன்றும்வரை துடைத்து எடுங்கள். தடிமனாக விட்டால் பிசுபிசுக்கும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

சரி, பற்றவைக்கலாம். டீசல் வாடை துளியும் இருக்கக்கூடாது. முதல் நாள் ஒரு கைப்பிடி கரி போதும். அடுத்த நாள் கொஞ்சம் கூட்டுங்கள். வார்ப்பிரும்பு சூட்டையும் தாங்கும், பாரத்தையும் தாங்கும். திடீர் மாற்றத்தைத்தான் தாங்காது. கனலும் குமுட்டியில் தண்ணீர் ஊற்றி அணைத்தால் அன்றோடு சரி. முதலில் எண்ணெய் புகையும், பிறகு அடங்கிக் கறுப்பேறும். நெருப்பு படும் உட்புறத்தில் அந்தப் பூச்சு நிற்காது, வெளிப்புறத்தில் நிற்கும்.

வளவு, பின்கட்டு முற்றம் என்று வானம் தெரியும் இடத்தில் மட்டும் பற்றவையுங்கள். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை; மூடிய அறையில் உயிரையே எடுக்கும்.

ஆறியபின் சாம்பலை அன்றைக்கே கொட்டிவிடுங்கள். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அடித்தட்டை அரிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் வெளிப்புறத்தில் இன்னொரு பூச்சு எண்ணெய் கொடுத்து, தரையில் படாமல் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.