அக்குள் முடிக்கு எலெக்ட்ராலிசிஸ்: முன்னேற்றத்தைக் குறித்து வைக்கும் முறை

அக்குள் முடியை நிரந்தரமாக நீக்க, மின்சாரத்தால் முடியின் வேரை அழிக்கும் எலெக்ட்ராலிசிஸ் சிகிச்சையைத் தொடங்கிய மூன்றாவது மாதம், கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பார்த்தேன். முதல் நாள் இருந்த முடி அப்படியே இருப்பதுபோலத்தான் தெரிந்தது. இவ்வளவு வலியும் அலைச்சலும் வீணா என்ற எரிச்சலோடு குறிப்பேட்டைப் புரட்டினேன். முதல் முறை இரண்டு அக்குளையும் முழுதாகச் சுத்தம் செய்ய, நான்கு அமர்வுகளில் மொத்தம் 190 நிமிடம் ஆகியிருந்தது. அந்த மூன்றாவது மாதத்தில் ஆனது 115 நிமிடம். கண்ணாடியைவிடக் குறிப்பேட்டை நம்பலாம் என்று அன்றுதான் புரிந்தது.

கண் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. எலெக்ட்ராலிசிஸில் மயிரிழை போன்ற ஊசி ஒன்றை ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் செலுத்தி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கால்வனிக் முறையில் நேர்மின்னோட்டம் மயிர்க்காலில் உள்ள உப்பையும் நீரையும் சோடியம் ஹைட்ராக்சைடாக மாற்றி, முடியை வளர்க்கும் திசுவை அரித்துவிடுகிறது. தெர்மாலிசிஸ் முறையில் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தின் வெப்பம் அந்த வேலையைச் செய்கிறது. இரண்டையும் சேர்த்தது பிளெண்ட். எந்த முறையானாலும் ஒரு நேரத்தில் ஒரு முடிதான். அதுவும் அன்றைக்குத் தோலுக்கு மேலே தெரியும் முடிக்குத்தான் சிகிச்சை. அக்குளில் எந்த நாளிலும் பெரும்பகுதி மயிர்க்கால்கள் ஓய்வில் இருக்கும். அவை மாதக் கணக்கில் உறங்கிவிட்டு ஒவ்வொன்றாக விழிக்கும். இன்று 200 முடியை ஒழித்தாலும், அடுத்த மாதம் எழும் வேறு 150 முடிகள் அந்த இடத்தை நிரப்பிவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

(இந்த முறை இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் குத்தும் இமை முடிகளை இப்படி நீக்கியதை 1875இல் வெளியிட்டார்.)

படி 1: தொடக்கப் படம்

முதல் அமர்வுக்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: கடைசியாக எப்போது வாக்சிங் செய்தீர்கள்? சென்ற மாதம் என்றால், இப்போது எடுக்கும் படம் பொய் சொல்லும். வேரோடு பிடுங்கிய முடிகள் இன்னும் மேலே வராததால் அக்குள் வெறிச்சென்று இருக்கும். பிறகு அவை எல்லாம் கிளம்பும்போது, சிகிச்சையால் முடி அதிகமாகிவிட்டதோ என்று பயந்துபோவீர்கள். இரண்டு மூன்று மாதம் வாக்சிங், பிடுங்குதல் எதுவும் இல்லாமல் சவரம் மட்டும் செய்துவிட்டு, பிறகு தொடக்கப் படம் எடுப்பது நல்லது. சிகிச்சைக் காலம் முழுவதும் சவரம் செய்யலாம். அது வேரைத் தொடுவதில்லை. பிடுங்குவது மட்டும் கூடவே கூடாது.

படத்துக்கு மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன். கை எப்போதும் தலைக்குப் பின்னால், உள்ளங்கை பிடரியில். வெளிச்சம் ஒரே ஜன்னலிலிருந்து, ஒரே நேரத்தில். சவரம் செய்து சரியாக மூன்றாம் நாள். அக்குள் முடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் வளரும் என்பதால், மூன்றாம் நாள் 1 மில்லிமீட்டர் அளவில் தெளிவாக எண்ணும்படி நிற்கும். ஒரு மாதம் மூன்றாம் நாளும் மறுமாதம் ஏழாம் நாளும் எடுத்தால் அந்த இரண்டு படங்களையும் ஒப்பிட முடியாது.

படி 2: கட்டம் வைத்து எண்ணுதல்

கெட்டி அட்டையில் 2 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சதுரத் துளை வெட்டுங்கள். அக்குளில் மாறாத ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு இடப்பக்கம் மேல் மடிப்புக்குக் கீழே எள்ளளவு மச்சம் ஒன்று உண்டு. அது சதுரத்தின் வலது மூலையைத் தொடும்படி அட்டையை வைத்து, நெருக்கமாக ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி எண்ணுவேன். முதல் எண்ணிக்கை 41. மறுமாதம் 38. அதற்கடுத்த மாதம் மறுபடி 40! அந்த 40ஐப் பார்த்து மனம் உடைந்தது உண்மை. ஆனால் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பழைய 41 முடிகளில் ஒவ்வொன்றும் கரிக்கோடு போல இருந்தது, புதிய 40இல் பாதிக்கு மேல் பழுப்பு நிறத்தில் மெலிந்திருந்தது. அதனால் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ‘தடித்தது இத்தனை, மெலிந்தது இத்தனை’ என்று பிரித்து எழுதத் தொடங்கினேன். மாதம் ஒருமுறை எண்ணினால் போதும். தினமும் எண்ணுகிறவர்களுக்கு நிம்மதி போய்விடும்.

படி 3: அமர்வுக் குறிப்பு

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். எத்தனை அமர்வு முடிந்தது என்பது உதவாத கணக்கு. 15 நிமிட அமர்வும் ஒன்று, இரண்டு மணி நேர அமர்வும் ஒன்றா? எழுத வேண்டியது நிமிடம். அதிலும், தெரியும் முடி ஒன்றுகூட விடாமல் எடுத்து முடிக்க ஆன நிமிடம். இதை நான் ‘முழுச் சுத்தம்’ என்று குறித்துக்கொள்வேன். என் குறிப்பேட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்:

‘இடது, 34 நிமிடம், பிளெண்ட், முழுச் சுத்தம். முடி தானாக வழுக்கி வந்தது. நடுவில் ஐந்தாறு முடி மட்டும் சுருக்கென்று இழுத்தது. மரப்புக் களிம்பு போட்டேன்.’

‘வழுக்கி வந்தது’, ‘இழுத்தது’ என்பவை வெறும் வருணனை அல்ல. மின்சாரம் சரியாக வேலை செய்திருந்தால், சாமணத்தால் தொட்டதும் முடி எதிர்ப்பில்லாமல் வெளியே வர வேண்டும். வெடுக்கென்று பிடுங்குவதுபோல உணர்ந்தால், அந்த மயிர்க்கால் அழியாமல் முடி மட்டும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை அங்கேயே சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல கைகாரர் உடனே அளவையோ ஊசியின் ஆழத்தையோ மாற்றிப் பார்ப்பார்.

முறை பெயரையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெர்மாலிசிஸில் ஒரு முடி நொடிக் கணக்கில் முடிந்துவிடும். கால்வனிக்கில் தடித்த முடிக்கு நிமிடக் கணக்கிலும் ஆகலாம். நடுவில் முறை மாறினாலோ சிகிச்சை செய்பவர் மாறினாலோ பழைய நிமிடங்களோடு புதியவற்றை ஒப்பிடக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

மரப்புக் களிம்பு பற்றி ஓர் எச்சரிக்கை: லிடோகெயின் கலந்த களிம்பைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அப்பி, பிளாஸ்டிக் தாள் சுற்றி மணிக்கணக்கில் வைக்காதீர்கள். அதிகமாக உடலில் கலந்தால் இதயத்தையே பாதிக்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே வேண்டாம்.

படி 4: தோலின் நிலை

அமர்வுக்குப் பின் மூன்று முறை பார்த்தால் போதும்: அன்று இரவு, மூன்றாம் நாள், பத்தாம் நாள். சிவப்பும் சிறு வீக்கமும் முதல் ஓரிரு நாள் இயல்பு. பிறகு ஊசிமுனை அளவில் பொருக்குகள் வரலாம். அவற்றைக் கிள்ளாதீர்கள், தானே உதிரும். வாசனைத் திரவியம், வியர்க்கும் உடற்பயிற்சி, இறுக்கமான கை வைத்த ஆடை மூன்றையும் ஒன்றிரண்டு நாள் தள்ளி வையுங்கள். மாநிறமும் கறுப்புமான தோலில் கருமைத் தழும்பு வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் தங்கும். அது படத்தில் மங்குகிறதா என்று பாருங்கள். சீழ், குழி விழுதல், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத பொருக்கு என்றால் அடுத்த அமர்வை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

படி 5: மாதாந்திரக் கணக்கு

முழுச் சுத்தத்துக்கு ஆன நிமிடங்களை மட்டும் மாதவாரியாகக் கோட்டுப்படமாக வரையுங்கள். என்னுடையது 190, 165, 115 என்று இறங்கி, ஆறாம் மாதம் 60க்கும் ஒன்பதாம் மாதம் 25க்கும் வந்தது. இறக்கம் சீராக இருக்காது. ஒரு மாதம் அப்படியே நிற்கும், ஒரு மாதம் சற்று ஏறும். மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

அமர்வு முடிந்து ஒரு வாரத்தில் முளைக்கும் முடியைப் பார்த்து ‘திரும்பி வந்துவிட்டதே’ என்று பதறாதீர்கள். வேரோடு வந்த முடி மறுபடி மேலே எட்டிப் பார்க்கப் பல வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் தெரிவது, அன்றைக்குத் தோலுக்குச் சற்றுக் கீழே காத்திருந்த வேறு முடி. உண்மையில் திரும்பி வரும் முடி தாமதமாக வரும். பெரும்பாலும் மெலிந்தும் வரும். அந்த மயிர்க்காலுக்குள் இன்னொரு முறை ஊசி செலுத்த வேண்டியிருக்கும்.

ஆறு மாதமாக, அமர்வுகளுக்கு இடையிலான இடைவெளி தவறாமல், முழுச் சுத்தம் செய்தும் நிமிடங்கள் குறையவில்லையா? அப்போதுதான் கேள்வி கேட்க வேண்டும். குறிப்பேட்டையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ‘ஒன்றும் மாறவில்லை’ என்றால் யாரும் சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘ஐந்து மாதமாக 100 நிமிடத்தில் நிற்கிறது, பாதி முடி இழுக்கிறது’ என்றால் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு முதலில் சிகிச்சை செய்தவர் ‘உங்கள் உடல்வாகு அப்படி’ என்று பதில் சொன்னார். வேறு இடம் பார்த்துக்கொண்டேன். அந்தக் குறுக்குக் கோடு குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே சொன்ன 190இலிருந்து தொடங்கும் கணக்கு அதற்குப் பிறகு வந்தது.

ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்பது அக்குளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காலம். அமர்வுகளுக்கு இடையே நீண்ட விடுமுறை விட்டால் அது நீளும். பதினான்காம் மாதம் என் கடைசி வரி: ‘இடது 0. வலது 3, மெலிந்தவை. 2 நிமிடம்.’ அட்டையை இன்னும் தூக்கிப் போடவில்லை. மூன்று மாதம் கழித்து ஒருமுறை மச்சத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.