உயரழுத்த ஆக்சிஜனில் கிரேஃபிஷ் கால் தசை: நரம்புச் சமிக்ஞையை அளக்கும் முறை

அழுத்தம் கூடிய ஆக்சிஜன் விலங்குகளுக்கு வலிப்பை வரவழைக்கும் என்று 1878-இல் பால் பெர்ட் எழுதினார். வலிப்பு பிறப்பது மூளையில். ஆனால் மூளைக்குள் ஒற்றை நரம்பிணைப்பைத் தனியாகப் பிடித்து அளப்பது பெரும்பாடு. அதற்குக் கைகொடுப்பது கிரேஃபிஷ், சிங்கி இறாலின் நன்னீர் உறவு. அதன் கால் விரலைத் திறக்கும் தசைக்குத் தூண்டு நரம்பிழை ஒன்றே ஒன்று. அது சுரப்பது குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருள். தடுப்பு நரம்பிழை சுரப்பது காபா என்ற அடக்கும் வேதிப்பொருள். மூளையில் முக்கியமாக வேலை செய்வதும் இதே இரண்டு பொருள்கள்தான்.

அழுத்தம் ஏற்றினால் ஆக்சிஜன் மட்டும் மாறாது. மொத்த அழுத்தம், வெப்பம், கரைசலின் பி.எச். எல்லாமே கூடவே நகரும். ஆக்சிஜனைத் தவிர மற்ற மூன்றையும் அசையாமல் பிடித்து வைப்பதில்தான் முக்கால்வாசி உழைப்பும் போகும்.

முதலில் கரைசல். 1 லிட்டருக்கு சோடியம் குளோரைடு 12.0 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.40, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.98, மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 0.53, பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் ஹெப்பீஸ் 2.38 கிராம். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.எச். 7.4-க்குக் கொண்டுவரவும். பைகார்பனேட் வேண்டாம்; அதைச் சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் தேவைப்படும். 5% கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவை 5 வளிமண்டல அழுத்தத்துக்கு ஏற்றினால் அதன் பகுதியழுத்தம் ஐந்து மடங்காகி, பி.எச். சுமார் 0.7 இறங்கிவிடும். சமிக்ஞை அதனாலேயே மங்கலாம். பழி ஆக்சிஜன் மேல் விழும்.

கிரேஃபிஷை 20 நிமிடம் ஐஸில் வைத்து மரத்துப்போகச் செய்தபின் காலை வெட்டவும். ஓட்டில் சன்னல் திறந்து, மூடு தசையை அகற்றினால் திறப்புத் தசை தெரியும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய கண்ணாடி நுண்மின்முனையைத் தசை இழைக்குள் செலுத்தவும். தூண்டாதபோது இழைக்குள் இருக்கும் ஓய்வு மின்னழுத்தம் −70 மில்லிவோல்ட் அருகே இருக்க வேண்டும். −60-ஐக்கூடத் தொடாத இழையை விட்டுவிடுங்கள். ஒற்றைத் துடிப்புக்கு இந்தத் தசை தரும் பதில் மிகச் சிறியது. நொடிக்கு 20 வீதம் பத்துத் துடிப்புகளைத் தொடராகக் கொடுத்தால் பதில் படிப்படியாக வளர்ந்து அளக்கும்படி வரும்.

மின்முனைக்குள் ஒரு சிறு காற்றுக் குமிழி இருந்தாலும் போச்சு. 5 வளிமண்டலத்தில் அது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். உள்ளிருக்கும் திரவத்தை இழுக்கும். பதிவு துள்ளும், சில சமயம் அறுந்தே போகும். நிரப்பியதும் நுண்ணோக்கியில் தண்டு முழுவதையும் பாருங்கள்.

தசையை வைத்திருக்கும் அழுத்த அறையை ஆக்சிஜனால் நிரப்பக் கூடாது. அழுத்தமேறிய ஆக்சிஜனில் சாதாரண கிரீஸ்கூடத் தீப்பிடிக்கும். அறைக்கு ஹீலியம் போதும். வெளியே, அதே அழுத்தத்தில், எண்ணெய்ப் பிசுக்கில்லாத இரண்டு கலன்களில் கரைசலை வைக்கவும்: ஒன்றில் 4% ஆக்சிஜன் கலந்த ஹீலியம், மற்றதில் தூய ஆக்சிஜன். 5 வளிமண்டலத்தில் 4% என்பது 0.2 வளிமண்டலம், அதாவது சாதாரணக் காற்றில் உள்ள அளவு. இப்போது தசைக்குக் கரைசல் பாயும் குழாயை ஒரு கலனிலிருந்து மற்றதற்குத் திருப்பினால் மாறுவது ஆக்சிஜன் மட்டுமே. ஹீலியத்துக்குப் பதில் நைட்ரஜன் கூடாது. அழுத்தத்தில் அதற்கே மயக்கும் குணம் உண்டு. திறந்த பரப்பு வழியே ஆக்சிஜன் ஹீலியத்துக்குள் கசியும். ஆகவே ஓட்டத்தை வேகமாக வைத்து, தசையருகே ஆக்சிஜன் மின்முனையால் அளந்துகொண்டே இருங்கள்.

வாயு அமுங்கும்போது சூடாகும். நிமிடத்துக்கு 0.5 வளிமண்டலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டரைத் தசையை ஒட்டியே வைத்து, வெப்பம் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

ஆக்சிஜன் கரைசலில் குறைந்தது ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் சவ்வின் கொழுப்பையும் நொதிகளின் கந்தகத் தொகுதிகளையும் தாக்குவது மெல்ல மெல்லச் சேரும் சேதம். 10 நிமிடப் பதிவைப் பார்த்து ‘விளைவில்லை’ என்று முடிவு கட்டுவது பெரும் தவறு.

பதில் சுருங்கினால், தூண்டாமலே தானாக எழும் சிற்றலைகளைப் பாருங்கள். அவற்றின் உயரம் மாறாமல் பெரிய பதில் மட்டும் குறைந்தால், பழுது நரம்பு முனையின் சுரப்பில். இரண்டும் சேர்ந்து குறைந்தால், குளுட்டமேட்டைப் பிடிக்கும் தசையின் ஏற்பிகளையும், இழைச் சவ்வு மின்னோட்டத்துக்குக் காட்டும் உள்ளீட்டு மின்தடையையும் சோதியுங்கள். அதற்கும் முன்னால், நரம்புத் துடிப்பு முனைவரை வந்து சேர்கிறதா என்பதை வெளிமின்முனையால் உறுதிசெய்துகொள்ளுங்கள். தடுப்பு நரம்பிழையையும் தனியாகத் தூண்டிப் பதிவு செய்யத் தவறாதீர்கள்: எலிகளின் மூளையில் வலிப்புக்கு முன்பே காபா குறைவது தெரிந்த விஷயம்.

முடிந்ததும் அழுத்தத்தை உடனே இறக்க வேண்டாம். 5 வளிமண்டலத்திலேயே 4% ஆக்சிஜன் கரைசலுக்குத் திருப்பி ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள்; பதில் மீள்கிறதா, நிரந்தரமாகச் சிதைந்ததா என்பது அங்கேதான் தெரியும். பிறகு நிமிடத்துக்கு 0.2 வளிமண்டலமாக இறக்கவும். தசைக்குள் குமிழி தென்பட்டால், அதற்குப் பிந்தைய பதிவுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.