திராட்சைத் தோட்டம், காடு, முகடு: ஃபால்ட்ஸ் பகுதியில் ஒரு நாள் மலைநடையைத் திட்டமிடுவது எப்படி

ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள ஃபால்ட்ஸ் பகுதியில், ரைன் ஆற்றின் அகன்ற சமவெளி மேற்கே முடியும் இடத்தில், ஹார்ட் என்ற மலைவிளிம்பு சுவர் போல எழுந்து நிற்கிறது. சமவெளிப் பக்கம் நிலம் பிளந்து தாழ்ந்துபோக, தாழாமல் நின்ற விளிம்புதான் இந்த மலை. அதன் அடிவாரம் முழுவதும் திராட்சைத் தோட்டங்கள். தோட்டம் முடிந்ததும் செஸ்ட்நட் மரங்கள். அதற்கு மேலே பீச்சும் பைனும் நிறைந்த ஃபெல்ட்சர்வால்ட் காடு. மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை மலை தடுத்துவிடுவதால் அடிவாரம் வெதுவெதுப்பாக இருக்கிறது. அத்தி, பாதாம் மரங்கள்கூட இங்கே நன்றாக வளர்கின்றன. ஒரே நாளில், ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு இந்த மூன்று நிலங்களையும் கால்நடையாகக் கடந்து வேறொரு ரயில் நிலையத்துக்கு இறங்கி வரலாம் என்பதே இப்பகுதியின் சிறப்பு. மன்ஹைம், லூத்விக்ஸ்ஹாஃபென் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கும் தமிழர்கள் பலர் இதை அரை மணி நேரத் தொலைவில் வைத்துக்கொண்டே பார்க்காமல் இருப்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உயரத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஃபெல்ட்சர்வால்ட் காட்டின் மிக உயர்ந்த முகடான கால்மிட் 673 மீட்டர்தான். கொடைக்கானலையும் ஊட்டியையும் பார்த்தவர்களுக்கு இது மலையாகவே தோன்றாது. ஆனால் அந்த ஊர்களுக்கு நாம் பேருந்தில் ஏறிச் செல்கிறோம். இங்கே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்தில் தொடங்கி, முழுவதையும் காலால் ஏறுகிறோம். அதுவும் ஒரே ஏற்றமாக இருப்பதில்லை. ஏறிய உயரத்தில் ஒரு பகுதியை அடுத்த பள்ளத்தில் இழந்துவிட்டு, மறுபடி ஏற வேண்டியிருக்கும். ஆகவே முகட்டின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், வழி நெடுக உள்ள ஏற்றங்களின் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டும்.

இதைக் கணக்கிட ஜெர்மனியில் வழிப்பலகைகளுக்கான நேரத்தைக் குறிக்கப் பயன்படும் முறை ஒன்று உண்டு. சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, தூரத்துக்கான நேரத்தையும் ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தையும் தனித்தனியாகப் போட வேண்டும். பிறகு இரண்டில் பெரியதை முழுமையாகவும் சிறியதில் பாதியையும் கூட்ட வேண்டும். 18 கிலோமீட்டர் தூரமும், 700 மீட்டர் ஏற்றமும், அதே அளவு இறக்கமும் உள்ள ஒரு வழிக்குத் தூரக்கணக்கு நாலரை மணி நேரம். ஏற்ற இறக்கக் கணக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம். நாலரையோடு மூன்றே முக்காலின் பாதியைக் கூட்டினால் ஆறு மணி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். உணவுக்கும் ஓய்வுக்கும் இன்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்தால் எட்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. நான் முதன்முறை சென்றபோது இந்தக் கணக்கைப் போடவில்லை. நவம்பர் மாதத்தில் பதினொன்றரை மணிக்குப் புறப்பட்டு, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்ட பீச் காட்டுக்குள், கைபேசி வெளிச்சத்தில், சருகுக்கு அடியில் மறைந்திருந்த வேர்களில் தடுக்கித் தடுக்கி இறங்கினேன். அன்றுமுதல் கணக்குப் போடாமல் நான் புறப்படுவதில்லை. நெற்றியில் கட்டும் சிறிய விளக்கு ஒன்றும் பையில் நிரந்தரமாக இருக்கிறது.

திட்டமிடும்போது பாதையை முதலில் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். இந்தப் பகுதிக்கு அது பொருந்தாது. முதலில் நடை முடிந்து எந்த நிலையத்தில் ரயில் ஏறப்போகிறோம், அங்கிருந்து கடைசியாக எத்தனை மணிக்கு வண்டி இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அடுத்து, மதிய உணவுக்கு எந்தக் காட்டு விடுதியை அடையப்போகிறோம், அது அன்றைக்குத் திறந்திருக்குமா என்பதைப் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் முடிவான பிறகு, இடையில் உள்ள பாதை ஏறக்குறைய தானாகவே அமைந்துவிடும். காரில் சென்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியிருப்பதால், தோட்டம், காடு, முகடு என்று குறுக்கே கடந்து செல்லும் வாய்ப்பு குறைகிறது. ரயிலில் செல்வதே இந்த நடைக்கு ஏற்றது.

எடுத்துக்காட்டாக, முதல்முறை செல்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். மன்ஹைமிலிருந்து நகர்ப்புற ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நொய்ஷ்டாட் வந்து சேரலாம். அங்கிருந்து தோட்டங்களின் ஓரமாக ஹம்பாக் கோட்டையை நோக்கி நடக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கொடியைத் தலைக்கு மேலே பந்தலில் படர விடுவார்கள். இங்கே கம்பிகளைப் பிடித்து நிமிர்ந்து நிற்கும் வேலி போல வரிசை வரிசையாக வளர்க்கிறார்கள். வரிசைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தடையில்லாததால் கீழே சமவெளி முழுவதும் தெரியும். 1832ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி, கருத்துரிமையையும் ஒன்றுபட்ட ஜெர்மனியையும் கேட்டு, கறுப்பு, சிவப்பு, தங்க நிறக் கொடிகளோடு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் இந்தக் கோட்டைக்கு ஏறி வந்தார்கள். அவர்கள் ஏறிய அதே சரிவில் நாமும் ஏறுகிறோம் என்ற நினைவு அந்த ஏற்றத்தைச் சற்று இலகுவாக்குகிறது.

கோட்டையைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று காலடியைப் பாருங்கள். அதுவரை காலணியில் அப்பிக்கொண்டு வந்த களிப்பான மஞ்சள் மண் மறைந்து, சர்க்கரை போல உதிரும் மணல் தொடங்கியிருக்கும். மலை முழுவதும் மணற்கல். கோட்டைகளும் தேவாலயங்களும் அந்தக் கல்லில் கட்டப்பட்டவைதான். இந்த மண் மாற்றம் நடப்பவருக்கு மிகவும் பயன்படும் செய்தி. மழைக்கு மறுநாள் தோட்டத்துப் பாதைகள் வழுக்கும். காலணி இரண்டு மடங்கு கனக்கும். காட்டின் மணற்பாதையோ நீரை உள்ளே இழுத்துக்கொண்டு சீக்கிரம் காய்ந்துவிடும். ஆகவே ஈரமான நாட்களில் அடிவாரத்தைத் தார்ச்சாலையில் கடந்து, காட்டுக்குள் நேரத்தைச் செலவிடுவது நல்லது.

காட்டுக்குள் ஏறினால் ஹோஹே லோக் முகட்டில் ஒரு விடுதி இருக்கிறது. அதன் உயரம் 600 மீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து சிறிது இறங்கி மறுபடி ஏறினால் கால்மிட். வானம் தெளிவாக இருந்தால் சமவெளிக்கு அப்பால் ஓடன்வால்ட் மலைகள் வரை தெரியும். கால்மிட்டிலிருந்து பாறைகள் குவிந்து கிடக்கும் ஃபெல்சன்மேர் வழியாக சாங்க்ட் மார்ட்டின் என்ற அழகிய ஊருக்கு இறங்கி, மறுபடியும் திராட்சைத் தோட்டங்களின் நடுவே மைகாம்மர் நிலையத்தை அடையலாம். மேலே நான் கணக்கிட்டுக் காட்டிய 18 கிலோமீட்டரும் 700 மீட்டர் ஏற்றமும் ஏறத்தாழ இந்த வழிக்குரியவையே. கடினமாகத் தோன்றினால், நொய்ஷ்டாட்டிலிருந்து கோட்டை வரை பேருந்தில் சென்று அங்கிருந்து நடையைத் தொடங்கலாம். இந்த ஒரு நாள் நடை பிடித்துப்போனவர்கள், மலைவிளிம்பு நெடுகப் பிரான்ஸ் எல்லையில் உள்ள ஷ்வைகன் வரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் செல்லும் ஃபெல்ட்சர் வைன்ஷ்டைக் என்ற நீண்ட பாதையைப் பகுதி பகுதியாக முடிக்கலாம்.

வழி தவறாமல் இருக்க, மரங்களில் பூசப்பட்ட நிறக் குறிகளைப் பின்பற்ற வேண்டும். 1902இல் தொடங்கப்பட்ட ஃபெல்ட்சர்வால்ட் சங்கத்தின் தொண்டர்கள் இவற்றைப் பராமரிக்கிறார்கள். புறப்படும் முன்பே உங்கள் பாதையின் குறி எது என்று பார்த்து மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மரத்தில் நான்கைந்து குறிகள் இருக்கும்போது அந்த நினைவுதான் உதவும். பத்து நிமிடமாகக் குறியே கண்ணில் படவில்லை என்றால் முன்னேறாமல் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிச் செல்லுங்கள். பள்ளங்களில் கைபேசித் தொடர்பு விட்டுவிட்டு வருவதால், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும். தாளில் அச்சிட்ட வரைபடம் இருந்தால் இன்னும் நல்லது. பாதையோரம் பச்சை நிறத்தில் எண்ணுடன் கூடிய சிறிய மீட்புப் பலகைகளைக் காண்பீர்கள். விபத்து நேர்ந்தால் 112ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் மீட்புக் குழுவுக்கு இடம் தெரிந்துவிடும். பலகையைக் கடக்கும்போதெல்லாம் அதைப் படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

விடுதிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவை இல்லாமல் இந்தக் காட்டு நடை முழுமை பெறாது. பெரும்பாலானவற்றை அதே சங்கத்தின் கிளைகள் நடத்துகின்றன. பலவற்றில் பரிமாறுபவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஆகவே பல விடுதிகள் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும், சிலவற்றில் புதன்கிழமையும் மட்டுமே திறந்திருக்கும். சாளரத்தில் நின்று கேட்டு, பணம் கொடுத்து, தட்டை நாமே எடுத்து வந்து, உண்டபின் நாமே திருப்பி வைக்க வேண்டும். கையில் ரொக்கம் வைத்திருங்கள். நீண்ட மேசைகளில் முன்பின் அறியாதவர்களோடு சேர்ந்து அமர்வதே முறை, "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும், பேச்சு தானாகத் தொடங்கிவிடும். சைவ உணவு உண்பவர்கள் "வைஸ்ஸர் கேஸ்" என்ற மென்மையான வெண்பாலாடைக்கட்டியை வெங்காயத்தோடும் ரொட்டியோடும் கேட்கலாம். உருளைக்கிழங்கு சூப்பிலும் பருப்பு சூப்பிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருப்பது இங்கே இயல்பு என்பதால், "ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஷ்பெக்" (இறைச்சி வேண்டாம், பன்றிக்கொழுப்புத் துண்டும் வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். குழிகள் பதித்த அரை லிட்டர்க் கண்ணாடிக் குவளையில் வரும் ஷோர்லெ, திராட்சை மதுவும் சோடா நீரும் கலந்தது. இங்கே அதில் மதுவே மிகுதி. இறக்கம் மீதியிருக்கும்போது அது வேண்டாம். மதுவுக்குப் பதிலாகத் திராட்சைச் சாறு கலந்த ஷோர்லெயும் கிடைக்கும்.

மார்ச் மாதத்தில், தோட்டங்கள் இன்னும் வெறுங்கொடியாக நிற்கும்போதே, கிம்மல்டிங்கன் ஊரைச் சுற்றிப் பாதாம் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கின்றன. மே மாதத்தில் காடு அழகு. ஜூலை, ஆகஸ்டில் தோட்டங்களில் நிழலே கிடையாது. விடியற்காலையில் அவற்றைக் கடந்து, நண்பகலைக் காட்டுக்குள் கழித்து, சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கிய பிறகு அடிவாரத்துக்கு வாருங்கள். என்னைக் கேட்டால் அக்டோபர்தான் சிறந்தது. கொடிகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறியிருக்கும். ஊர்மக்கள் கெஷ்டெ என்று அழைக்கும் செஸ்ட்நட் காய்கள் முள்ளோடு வழியெங்கும் உதிர்ந்து கிடக்கும். ஆனால் அறுவடை நேரத்தில் தோட்டத்துப் பாதைகள் விவசாயிகளின் பணியிடம் என்பதை மறக்கக்கூடாது. டிராக்டர் வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள்; அடைக்கப்பட்ட பாதையில் நுழையாதீர்கள்; எவ்வளவு பழுத்திருந்தாலும் ஒரு பழத்தைக்கூடப் பறிக்காதீர்கள். அது ஒருவருடைய ஓராண்டு உழைப்பு.

பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, விளக்கு, சிறிய முதலுதவிப் பொருட்கள் ஆகியவை இருந்தால் போதும். காலணியின் அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். காட்டில் தீ மூட்டக்கூடாது. நினைத்த இடத்தில் கூடாரம் போடவும் அனுமதியில்லை. அதற்கென்று ஒதுக்கிய இடங்களை முன்பதிவு செய்துகொள்ளலாம். வீடு திரும்பியதும் குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நிதானமாக இழுத்து எடுங்கள். எண்ணெயோ பசையோ தடவ வேண்டாம். அடுத்து வரும் வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால், மருத்துவரிடம் சென்று உண்ணி கடித்த தேதியைச் சொல்லுங்கள்.