ஸ்கிட் பிளேட்: வீட்டுப் பட்டறையில் செய்யும் முறை

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப், பாறையில் இடித்துக் கிழிந்தால் ஆயில் மளமளவென்று வடிந்துவிடும். அதைக் கவனிக்காமல் இன்ஜினை ஓடவிட்டால் பேரிங் போய்விடும். அதைத் தடுக்க வண்டிக்கு அடியில் மாட்டும் காப்புத் தகடுதான் ஸ்கிட் பிளேட். ஜிப்சி, தார், ஜிம்னி போலத் தனி சேஸிஸ் (பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) உள்ள வண்டிகளுக்கு, வெல்டிங் பழக்கம் உள்ளவர் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பிளேட் எவ்வளவு தடிமன் என்பது இரண்டாவது விஷயம். விழும் அடி சம்ப்புக்குப் போகாமல் சேஸிஸுக்குப் போக வேண்டும், வண்டி பாறைமேல் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த இரண்டும் அமையாவிட்டால் 6 மி.மீ. தகடு போட்டும் பயனில்லை.

முன்பம்பரில் மாட்டும் புல் பாரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஸ்கிட் பிளேட்டும் சேஸிஸின் முன்முனைகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைக்கக் கூடாது. மோதலின்போது நசுங்க வேண்டிய இடம் அது.

தகடு

4 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) தகடு போதும். சதுர மீட்டருக்கு 31.4 கிலோ. 700 × 600 மி.மீ. துண்டு 13 கிலோ சொச்சம் வரும். அதையே 6 மி.மீ. ஆக்கினால் 20 கிலோவுக்கு வந்து நிற்கும், முன் ஸ்பிரிங் அதைச் சுமந்தே ஆக வேண்டும். அலுமினியம் எடை குறைவு, ஆனால் பாறையில் வழுக்காமல் பற்றி இழுக்கும். வீட்டில் வெல்டு செய்வதும் கடினம். முதல் பிளேட்டுக்கு இரும்பே சரி. மேடு மேடாக டிசைன் போட்ட செக்கர்டு பிளேட் பார்க்க அழகு, ஆனால் அதன் மேடுகள் கீழ்ப்பக்கம் வந்தால் பாறையைப் பிடித்துக்கொள்ளும்.

அட்டையில் தொடங்குங்கள்

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தடித்த அட்டைப்பெட்டியை வெட்டி அடியில் பிடித்து, சேஸிஸில் ஏற்கெனவே உள்ள ஓட்டைகள், டிரெய்ன் பிளக் (ஆயில் வடிக்கும் திருகு மூடி), ஆயில் ஃபில்டர், சைலன்சர் பைப் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். இதில் சோம்பல்பட்டால் தகட்டில் திருத்த முடியாது.

சம்ப்புக்கும் பிளேட்டுக்கும் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் ஆடும், அடி விழும்போது பிளேட்டும் மேலே வளையும். பிளேட்டின் முன்பகுதி சுமார் 35 டிகிரி மேல்நோக்கி ஏற வேண்டும். கியர்பாக்ஸுக்கு இரண்டாவது பிளேட் போடுவதானால், அதன் முன்விளிம்பு முதல் பிளேட்டின் பின்விளிம்புக்கு மேலே ஒளிந்திருக்க வேண்டும். மாறிவிட்டால் அந்த விளிம்பே பாறையை வாரி எடுக்கும்.

வளைப்பு

பக்கத்தில் பெண்டிங் மிஷின் இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள். அந்தக் கூலிக்கு மிச்சம் பார்க்க வேண்டாம். இல்லையென்றால், வளைவின் வெளிப்பக்கக் கோட்டில் கட்டிங் வீலால் 2.5 மி.மீ. ஆழத்துக்குக் கீறி வளையுங்கள். கீறல் வாய் பிளந்து பள்ளமாகும். அதை வெல்டால் நிரப்பி, கிரைண்டரில் மழமழவென்று தேய்த்துவிடுங்கள். வெல்டு ஆறும்போது சுருங்கி வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தும், அதனால் முதலிலேயே 2, 3 டிகிரி கூடுதலாக வளைத்துக்கொள்ளுங்கள்.

விறைப்புக்கு 25 × 5 மி.மீ. இரும்புப் பட்டையை நீளவாக்கில் இரண்டு வரிசை, மேல்பக்கத்தில் மட்டும் வையுங்கள். 3.15 மி.மீ. 6013 வெல்டிங் ராடு, 100 முதல் 120 ஆம்பியர். ஒரே இழுப்பில் ஓட்டினால் தகடு படகாக வளைந்துவிடும். 30 மி.மீ. வெல்டு, 70 மி.மீ. இடைவெளி, ஒரு முனை முடிந்ததும் எதிர்முனை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஜி.ஐ. பைப், நட்டு என்று துத்தநாகப் பூச்சுள்ள எதையும் வெல்டு செய்யாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு வைப்பது அதைவிட மோசம்: வருவது ஃபாஸ்ஜீன் நச்சு வாயு.

மாட்டுவது

சேஸிஸில் நேரடியாக வெல்டு வேண்டாம். 50 × 50 × 6 மி.மீ. ஆங்கிள் துண்டுகளைப் பிராக்கெட்டாக்கி, இருக்கும் ஓட்டைகளிலேயே போல்ட் போடுங்கள். பெட்டி வடிவச் சேஸிஸின் உள்ளே நட்டைப் பிடிக்கக் கை போகாது. ஒரு நீளப் பட்டையின் நுனியில் பூச்சில்லாத எம்10 (10 மி.மீ. போல்ட்டுக்கான) நட்டை வெல்டு செய்து, பக்கத்துத் துவாரம் வழியே உள்ளே நுழைத்தால் வேலை முடிந்தது. பிளேட்டில் ஓட்டை 13 மி.மீ. இருக்கட்டும், தடித்த வாஷர் போடுங்கள். ஒரு அடி வாங்கிய பிளேட் லேசாகக் கோணிப்போகும், இறுக்கமான ஓட்டையில் போல்ட் மறுபடி ஏறாது.

குறைந்தது 6 இடங்களில் எம்10, 8.8 கிரேடு (உறுதி கூடிய ரகம்) போல்ட், 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம். போல்ட் தலை கீழே துருத்திக்கொண்டிருந்தால் பாறை அதைச் சீவிவிடும், அல்லது மூலைகளைத் தேய்த்துவிடும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. தலை 6.4, சாதா வாஷர் 2 மி.மீ., ஆக 8.4. தடித்த வாஷர் போட்டால் அதற்குத் தக்க உயரம் கூடும். எனவே 1 இஞ்ச் கருப்பு பைப்பில் (துத்தநாகம் பூசாத இரும்பு பைப்) 10 முதல் 12 மி.மீ. வளையங்கள் அறுத்து, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் வெல்டு செய்து, முன்பக்க விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். உள்விட்டம் 27 மி.மீ. சொச்சம், சாதாரண 17 நம்பர் சாக்கெட் நுழையும், தடித்த இம்பாக்ட் சாக்கெட் நுழையாமல் போகலாம்.

டிரெய்ன் பிளக்குக்கு 60 மி.மீ. துவாரம். பிளக் பக்கவாட்டில் இருந்தால் ஆயில் நேர்க்கீழே விழாமல் பீய்ச்சி அடிக்கும், துவாரத்தை அந்தத் திசையில் நீட்டுங்கள். மிகத் தாழ்ந்த இடத்தில் 20 மி.மீ. துவாரங்கள் நான்கு, சேறும் தண்ணீரும் வெளியேற.

பவுடர் கோட்டிங் தேவையில்லை. ஒரு கீறல் விழுந்தால் அதன் அடியிலேயே துரு ஊர்ந்து போகும், வெளியே தெரியாது. தின்னரில் துடைத்து ஒரு கோட் ரெட் ஆக்சைடு, இரண்டு கோட் எனாமல். உரிந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

முதல் 100 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டீயரிங்கில் அதிர்வு கூடியிருந்தால் பிளேட் எங்கோ சம்ப்பையோ சைலன்சரையோ தொடுகிறது. உரசிய பளபளப்பு தெரியும் இடத்துக்குப் பக்கத்துப் போல்ட்டில், பிராக்கெட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே வாஷர் கூட்டுங்கள். காய்ந்த புல்வெளியில் ஓட்டிய பிறகு பிளேட்டுக்கு மேலே கையை விட்டுப் பாருங்கள். அங்கே சேரும் வைக்கோல் சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும்.