சட்டை நனையாமல் டாக்கோ சாப்பிடுவது எப்படி?

மெக்சிகோ சிட்டியின் நார்வார்த்தே பகுதியில் எல் வில்சிதோ என்று ஒரு கடை. பகலில் கார் ரிப்பேர் பட்டறை, இரவில் டாக்கோ கடை (டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் கறி வைத்து மடித்ததுதான் டாக்கோ). சாப்பிடப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதலில் 'அல் பாஸ்தோர்' கேளுங்கள். மிளகாயும் அச்சியோட்டே என்ற சிவப்பு விதையும் அரைத்த மசாலாவில் ஊறிய பன்றி இறைச்சி, கம்பியில் கோபுரமாக நின்று நெருப்புக்கு முன்னால் சுழலும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'த்ரோம்போ', அதாவது பம்பரம். ஷவர்மா ஞாபகம் வருகிறதா? லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த வித்தைதான். உச்சியில் இருக்கும் அன்னாசியை மாஸ்டர் ஒரு சீவு சீவி, பறந்து வரும் துண்டை இடது கையிலுள்ள டாக்கோவிலேயே பிடிப்பார்.

அடுத்து 'கொன் தோடோ?' என்று கேட்பார். வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் போடவா என்று அர்த்தம். நம்மூர் பழக்கத்தில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார். ஸ்பானிஷில் ஆமாம் என்பதற்கு 'சீ'. சாப்பாட்டைப் பார்த்து 'சீ' சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், சொல்லிவிடுங்கள்.

இனிதான் நான் மாட்டிக்கொண்ட இடம். முதன்முதலில் ஒரு தெருவோரக் கடையில் நிமிர்ந்து நின்று கடித்தேன். பின்பக்கமாக வழிந்த எண்ணெய் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை போய்விட்டது. பக்கத்தில் நின்றவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு காலைப் பின்னால் வையுங்கள், தட்டுக்கு மேலே குனியுங்கள், முழங்கையை வெளிப்பக்கம் விரியுங்கள். கட்டைவிரலோடு இரண்டு விரல் போதும். டாக்கோவைச் சாய்க்காமல் தலையை மட்டும் சாய்த்துக் கடியுங்கள். சோள டார்ட்டியா இரண்டாக வந்தால் அடியில் உள்ளதைத் தூக்கிப் போடாதீர்கள், தட்டில் சிந்தியதை அள்ள அதுதான் வசதி. முள்கரண்டி கேட்டு மானத்தை வாங்காதீர்கள்.

டாக்கோ மேலே ஊற்றும் காரச் சட்னியான சால்சா? பச்சையாக இருக்கிறதே, கொத்தமல்லிச் சட்னிதானே என்று அள்ளி ஊற்றிவிட்டுக் கண்ணீரோடு நின்றவன் சொல்கிறேன்: பல கடைகளில் பச்சைதான் அதிகக் காரம். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், அப்புறம் ஊற்றலாம். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியுங்கள். மைதா டார்ட்டியாவில் சீஸ் உருக்கித் தரும் 'கிரிங்கா'வைக் கடைசியில் வாங்குங்கள். முதலிலேயே வாங்கினால் வயிறு அதோடு நிறைந்துவிடும்.

பின்சேர்க்கை: சைவக்காரர்கள் என்ன செய்வது என்று நண்பர் கேட்டார். காளானோ கள்ளித்தண்டோ வைத்து மடித்துச் சுட்ட டார்ட்டியாவான கெசடியா விற்கும் தெருக்கடைகளைத் தேடுங்கள். ஆனால் இந்த ஊரில் கெசடியா என்றாலே சீஸ் இருக்கும் என்று நம்ப முடியாது. 'கொன் கேசோ', அதாவது சீஸோடு, என்று சேர்த்துக் கேட்க வேண்டும். பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.